கல்யாண விறகுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே மரம் அறுக்கிற மெஷின்: எதை வாங்கலாம்?

கள்ளிக்குடி முத்து

எல்லாருக்கும் வணக்கம். என்னால ஒரு மெஷின்தான் வாங்க முடியும், அதனால விசாரிச்சிட்டு வாங்கலாம்னு வந்திருக்கேன்.

கள்ளிக்குடிக்குத் தெக்க மூணு ஏக்கர் மானாவாரி எங்களுக்கு. அப்பா தவறுனதுக்கப்புறம் ஆறு வருசமா உழவே இல்ல, காடு பூராம் சீமைக்கருவை ஏறிப்போச்சு. கிணத்து மேட்டுல தென்னை 22 நிக்குது, அதுல நாலு பட்டுப்போச்சு. போன ஆடிக் காத்துல வீட்டுக்குப் பின்னாடி நின்ன தாத்தா காலத்துப் புளிய மரம் வேரோட சாஞ்சு கிடக்கு.

என் மச்சான் திருமங்கலத்துல கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறாரு. கோட்டை அடுப்புக்கு அவரு விறகு வெளியிலதான் வாங்குறாரு. வீட்டுலயே இவ்வளவு கட்டை கிடக்கும்போது அறுத்துக் குடுத்தா அவருக்கும் ஆச்சு, காடும் திருந்தும். இதுவரைக்கும் கோடாலியும் அரிவாளும்தான். ஆள் கூப்பிட்டா மெஷின் வாடகை, ஆள் கூலி, டீ, வடைனு விறகு விலைக்கே சரியாப் போகுது.

கையில 35,000 இருக்கு. கருவை, தென்னை, புளி மூணையும் அறுக்கிற மாதிரி எந்த மெஷின்?

உசிலை ராசு

அண்ணே, யோசிக்கவே வேணாம். 58 சி.சி. எஞ்சின் செயின் ரம்பம், 22 இஞ்ச் பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு) போட்டு வருது, பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும். நான் ரெண்டு வருசமா வச்சிருக்கேன், வேப்பமரம் கூட அறுத்திருக்கேன். மிச்சக் காசுல ரெண்டு ஆடு வாங்குங்க.

மெஷின் பாண்டி

முத்து தம்பி, 19 வருசமா இந்த மெஷின்களைப் பிரிச்சு மாட்டிக்கிட்டிருக்கேன். மோட்டார், ஸ்பிரேயர், செயின் ரம்பம் எல்லாம் வரும் என் கடைக்கு. நான் மெஷின் விக்கிறதில்ல, ரிப்பேர் மட்டும்தான். அதனால மனசுல பட்டதைச் சொல்றேன்.

மொதல்ல அந்த 58 சி.சி. கணக்கு. அந்த வகை மெஷினை நிறையப் பிரிச்சுட்டேன். பிஸ்டன் குறுக்களவு 45.2 மி.மீ., மேலயும் கீழயும் போற தூரம் 34 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்க, 54.6 சி.சி.தான் வரும். ஸ்டிக்கர்ல 58னு ஒட்டிருக்காய்ங்க. அது பெரிய குத்தம்னு நான் சொல்ல வரல. 22 இஞ்ச் பார் மாட்டிக் குடுக்கிறதுதான் எனக்கு வருத்தம். பார் நீளமாக நீளமாக எஞ்சினுக்கு இழுவை கூடும், எண்ணெய் நுனி வரைக்கும் போய்ச் சேராது, அரம் போட வேண்டிய பல்லும் கூடும். புதுசாப் பழகுறவங்க கையில நீளமான பார் ஆபத்தும்கூட.

இப்ப உங்க மரத்தைச் சொல்லுங்க. எது எவ்வளவு பருமன்? ஒரு நூலை எடுத்துட்டுப் போயி சுத்தி அளந்து, மூணால வகுத்துச் சொல்லுங்க. அதைப் பாக்காம மெஷின் சொல்றது, ஆளைப் பாக்காம சட்டை தைக்கிற மாதிரி.

கள்ளிக்குடி முத்து

காலைல போயி அளந்தேன் அண்ணே. கருவை பூராம் அடியில இருந்து நாலஞ்சு கிளையா பிரிஞ்சு நிக்குது, ஒவ்வொண்ணும் 4 இஞ்ச், 6 இஞ்ச். பெருசு ஒண்ணு சுத்தளவு 30, அப்ப 10 இஞ்ச் வருது. தென்னை 11. புளி அடியில சுத்தளவு அஞ்சரை அடி, வகுத்தா 22 இஞ்ச்.

வருசத்துக்கு மச்சானுக்கு அஞ்சாறு டன் வேணும். வேற யாருக்கும் அறுத்து விக்கப்போறதில்ல.

மெஷின் பாண்டி

இப்ப வழி தெரியுது. உங்க வேலையில பத்துல ஒன்பது பங்கு 10 இஞ்சுக்குள்ள. புளி ஒண்ணுதான் பெருசு, அதுவும் ஒரே ஒரு மரம். ஒரே மரத்துக்காகப் பெரிய மெஷின் வாங்கி, வருசம் பூரா கருவைக் கிளையில தூக்கிக்கிட்டு அலையக்கூடாது. 70 சி.சி. வகையெல்லாம் பார் இல்லாமலே 6 கிலோ, அதுக்கு மேல. டிம்பர் டிப்போக்காரவங்களுக்கு அது. அதே மாதிரி 30 சி.சி. சின்ன மெஷின் கிளைக்கு அருமையா இருக்கும், ஆனா காஞ்ச கருவையில அரை நாள் ஓட்டினா மூச்சு வாங்கும். கருவை நல்ல கெட்டி மரம். காஞ்சுட்டா இரும்பு மாதிரி.

உங்களுக்கு 45 முதல் 50 சி.சி., 16 இஞ்ச் பார். இதுதான் என் முடிவு. உதாரணத்துக்கு ஸ்டில் எம்எஸ் 250: 45.4 சி.சி., 3 குதிரைத்திறன் சொச்சம், பார் செயின் இல்லாம 4.6 கிலோ. ஹஸ்க்வர்னா 445 அதே வகுப்பு, 45.7 சி.சி. ரெண்டுல எதுன்னு என்னைக் கேக்காதீங்க. உங்க ஊர்ல இருந்து பஸ் ஏறிப் போயி ஒரே நாள்ல செயின், பிளக், ஃபில்டர் வாங்கிட்டுத் திரும்புற தூரத்துல எந்தக் கம்பெனி ஸ்பேர் கிடைக்குதோ அதை வாங்குங்க. கடையில காசு குடுக்கிறதுக்கு முன்னாடி, "இந்த மெஷினோட கார்புரேட்டர் டயாஃப்ரம் இருந்தா எடுத்துக் காட்டுங்க"னு கேளுங்க, கார்புரேட்டருக்குள்ள இருக்கிற ரப்பர் தகடு அது. காட்டினா வாங்குங்க. "சொன்னா வரவச்சுத் தர்றோம்"னா அடுத்த கடை.

22 இஞ்ச் புளியை 16 இஞ்ச் பார்ல அறுக்க முடியுமான்னு கேப்பீங்க. முடியும். ஒரு பக்கம் பாதி, சுத்தி வந்து மறுபக்கம் பாதி.

தோப்பு சோழவந்தான்

தென்னையைப் பத்தி நான் சொல்லணும். எங்களுக்குத் தென்னந்தோப்புதான். தென்னைய அறுக்கிறது லேசுன்னு நினைச்சுறாதீங்க. உள்ள பூராம் நாரு, அந்த நாருலயே பொடி மணல் கணக்கா ஒரு சத்து இருக்கு. மத்த மரத்துல அரை நாள் நிக்கிற கூரு, முத்துன தென்னையில மூணு நாலு வெட்டுல போயிரும். நாரு போயி செயின் சக்கரத்துல சுத்திக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் மூடியக் கழட்டி நாரை எடுத்துருங்க, இல்லைன்னா சூடாகிக் கிளட்ச் போயிரும்.

அதனால தென்னைக்குன்னு பழைய செயின் ஒண்ணு தனியா வச்சுக்கங்க. நல்ல செயினைக் கருவைக்கு வைங்க. தென்னை விறகு கல்யாண அடுப்புக்கு ஆகாது, சடசடன்னு எரிஞ்சு முடிஞ்சுரும், தணல் நிக்காது.

இன்னொண்ணு. தோட்டத்துல பனை நின்னா தொடாதீங்க. பனை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அறிவிச்சுட்டாங்க.

மேலூர் சேது

அதே மாதிரி கண்மாய்க்குள்ள நிக்கிற கருவையும். அது ஏலம் எடுத்தவுகளுக்குத்தான். 2017ல ஹைகோர்ட் மதுரைக் கிளை கருவையை அகத்தச் சொன்னப்ப, எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு இறங்கி வெட்டி எங்க பக்கம் தகராறு ஆச்சு. சொந்தப் பட்டாவுல மட்டும் வைங்க.

விளாச்சேரி செல்வி

எங்க வீட்டுல மண் பொம்மைச் சூளை இருக்கு, விறகு நாங்களே அறுக்கிறோம். நான் கரண்ட் மெஷின் வச்சிருக்கேன், 2000 வாட், 16 இஞ்ச். கயிறு இழுக்கத் தேவையில்ல, புகை இல்ல, சத்தம் கம்மி. பொம்பளைங்க நாங்களே எடுத்து அறுக்கிறோம். விலையும் கம்மி. ஏன் யாரும் இதைச் சொல்லல?

மெஷின் பாண்டி

செல்விம்மா, உங்க வேலைக்கு அதுதான் சரி. விறகு வண்டியில வாசலுக்கே வருது, நீங்க துண்டு போடுறீங்க. முத்து தம்பிக்குக் கட்டை காட்டுல நிக்குது. 2000 வாட்டுக்கு 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும். வீட்டுல இருக்கிற சின்ன பிளக் 6 ஆம்பியர்தான், ஃபிரிட்ஜ் மாட்டுற பெரிய பிளக்குதான் வேணும். 200 அடி ஒயர் இழுத்தா மெலிசு ஒயர்ல கரண்ட் இறங்கி மோட்டார் சூடாகும். காட்டுக்கு அது ஒத்துவராது. ஆனா இதைப் படிக்கிற மத்தவங்க, வீட்டு வாசல்ல மட்டும் அறுக்கிறவங்க, தாராளமா அதையே வாங்கலாம்.

விளாச்சேரி செல்வி

சரி அண்ணே. நாங்க 16 ஆம்பியர் பிளக் தனியா போட்டுத்தான் ஓட்டுறோம். முத்து அண்ணே, எது வாங்கினாலும் அறுக்கிறதுக்கு ஒரு கவட்டை ஸ்டாண்டு அடிச்சுக்கங்க. ரெண்டு பக்கமும் பெருக்கல் குறி மாதிரிக் கட்டையை வச்சு ஆணி அடிச்சா போதும், இடுப்பு உயரத்துல விறகு நிக்கும். தரையில போட்டுக் குனிஞ்சு அறுத்தா மறுநாள் முதுகு எந்திரிக்காது, செயினும் மண்ணுல குத்தும்.

உசிலை ராசு

பாண்டி அண்ணே, நீங்க சொல்றதை நான் மறுக்கல. ஆனா எல்லாராலயும் முப்பதாயிரம் போட முடியாது. என் மெஷினுக்கு கார்புரேட்டர் போச்சுன்னா புது கார்புரேட்டரே சல்லிசா கிடைக்குது, எந்த கம்பெனி பேரு போட்டிருந்தாலும் உள்ள எல்லாம் ஒரே சாமான். உசிலம்பட்டியிலயே கிடைக்குது. இதுவும் ஸ்பேர் கிடைக்கிற கணக்குதானே?

மெஷின் பாண்டி

ராசு, நீ சொல்றதுல நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். வருசத்துக்கு ஒரு டன் அறுக்கிறவங்களுக்கு அது போதும். ஆனா வாங்குன உடனே அந்த 22 இஞ்ச் பாரைக் கழட்டிட்டு 18 மாட்டச் சொல்லு. செயினையும் மாத்தச் சொல்லு, கூட வர்ற செயின் இரும்பு இளசு. முத்து தம்பி அஞ்சாறு டன் கருவை சொல்றாரு, அதுவும் காஞ்சது. அதுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். என் கடைக்கு வர்ற அந்த வகை மெஷின்ல பாதி, செயினை டக்குனு நிறுத்துற செயின் பிரேக் பிடிக்காமத்தான் வருது. எனக்கு அதுதான் பயம்.

மேலூர் சேது

பிரேக்னு சொன்னதால இதை எழுதுறேன். எழுதக் கஷ்டமாத்தான் இருக்கு.

மூணு வருசத்துக்கு முன்னாடி என் அண்ணன் மகன் வாகை மரக் கிளை அறுத்துக்கிட்டிருந்தான். கைலி, ரப்பர் செருப்பு. நாங்க எல்லாரும் அப்படித்தான் நிப்போம். அறுக்கிற கிளைக்குப் பின்னாடி இன்னொரு கிளை இருந்ததை அவன் பாக்கல. பாரோட நுனி, அதுவும் நுனியில மேல் பாதி, அந்தக் கிளையில பட்டுச்சு. கண்ணு மூடித் திறக்கல, மெஷின் எகிறி மேல வந்து, அவன் கை நழுவி, தொடையில இறங்கிருச்சு. நான் பத்தடி தூரத்துல நின்னேன். என் வேட்டியக் கிழிச்சுத்தான் இறுக்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பொழைச்சுக்கிட்டான். இன்னைக்கும் சம்மணம் போட்டு உக்கார முடியாது அவனால.

முத்து, 35,000 முழுசையும் மெஷின்ல போடாதீங்க. தொடையில கட்டுற பாதுகாப்பு உடை விக்குது, உள்ள நீள நீளமா நூல் அடுக்கு இருக்கும், செயின் பட்ட உடனே அந்த நூல் சக்கரத்துல சிக்கி மெஷினை நிறுத்திரும். சித்திரை வெயில்ல போட முடியாதுன்னு சொல்லுவீங்க. காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சுப் பத்து மணிக்கு நிறுத்துங்க. ஷூ போடுங்க. இடது கைப் பெருவிரல் பிடியைச் சுத்தி இருக்கணும், மேல சும்மா வச்சிருக்கக்கூடாது. தோளுக்கு மேல தூக்கி அறுக்காதீங்க, ஏணியில நின்னு அறுக்கவே அறுக்காதீங்க. தனியாக் காட்டுக்குப் போகாதீங்க. காதுக்கு அடைப்பான் வைங்க, அந்தச் சத்தம் 100 டெசிபலுக்கு மேல.

கள்ளிக்குடி முத்து

படிச்சிட்டு கொஞ்ச நேரம் பேச முடியல அய்யா. கண்டிப்பா வாங்குறேன். என் வீட்டுக்காரிகிட்டயும் படிச்சுக் காட்டினேன், அது இல்லாம மெஷின் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லிட்டா.

அடுத்து எண்ணெய். இங்க வாடகைக்கு வர்றவரு லாரி பட்டறையில கழிச்ச கருப்பு ஆயிலைத்தான் செயினுக்கு ஊத்துறாரு. அது போதுமா? பெட்ரோல் கலவை எப்படி?

மெஷின் பாண்டி

கழிவு ஆயில் ஊத்தாதீங்க. அதுல இரும்புத் தூள் இருக்கு, பம்பை அரிச்சிரும். ஒட்டுற தன்மையும் போயிருக்கும், செயின் சுத்துற வேகத்துல தெறிச்சு உங்க சட்டைக்குத்தான் வரும். அதைவிட முக்கியம், நீங்க அறுக்கிறது சாப்பாடு ஆக்குற விறகு. செயின் ஆயில்னே தனியா விக்குது, அதை ஊத்துங்க. பெட்ரோல் ஒரு டேங்க் தீர்றப்ப செயின் ஆயில் டேங்கும் தீர்ற கிட்ட வந்திருக்கணும். அப்படியே நிறைஞ்சிருந்தா எண்ணெய் வரலைன்னு அர்த்தம். சந்தேகம்னா பழைய பேப்பரை விரிச்சு, பார் நுனியை அதுக்கு நேரா ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு ஆக்சிலேட்டர் குடுங்க. பேப்பர்ல கோடு மாதிரி எண்ணெய் விழணும்.

கலவை, கம்பெனி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில்னா பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண 2டி ஆயில்னா 40 மில்லி. கண்ணால ஊத்தாதீங்க, மருந்து பாட்டில் மூடியில அளந்து ஊத்துங்க.

உங்களுக்குன்னே ஒண்ணு சொல்றேன். உங்க வேலை கல்யாண வேலை. ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் இல்ல, மெஷினும் மூலையில கிடக்கும். அங்கதான் கெடும். இப்ப பங்குல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள்ள இருக்கிற ரப்பர் தகடு விறைச்சிரும். கடைசி வேலை முடிஞ்சதும் டேங்கைக் காலி பண்ணி, ஸ்டார்ட் பண்ணி, தானா அணையுற வரைக்கும் ஓட விட்டுட்டு வைங்க. தை மாசம் என் கடை வாசல்ல நிக்கிற மெஷின்ல முக்காவாசி இதைச் செய்யாததுதான்.

தோப்பு சோழவந்தான்

அரம் போடுறதையும் சொல்லிக் குடுங்க பாண்டி அண்ணே. மெஷின் நல்லா இருந்தும் அறுக்கலைன்னு சொல்றவங்க எல்லாரும் மொண்ணைச் செயினை வச்சுத்தான் அமுக்கிக்கிட்டிருக்காங்க.

மெஷின் பாண்டி

சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

தூளைப் பாருங்க மொதல்ல. கூரான செயின் அவல் மாதிரி சீவல் சீவலாத் தள்ளும். மாவு மாதிரிப் பொடி வந்தா மொண்ணை. நீங்க அமுக்கவே கூடாது, மெஷின் தன் கனத்துல தானா இறங்கணும். அமுக்க வேண்டி வந்தா நிறுத்திட்டு அரத்தை எடுங்க.

செயின் அளவுக்கு ஏத்த உருண்டை அரம். நான் சொன்ன 45 சி.சி. வகையில 0.325 இஞ்ச் செயின் வரும், அதுக்கு 4.8 மி.மீ. அரம். சின்ன மெஷின் செயினுக்கு 4 மி.மீ. மாத்திப் போட்டா பல்லே கெட்டுரும். கட்டையில ஒரு பிளவு போட்டு பாரை அதுல செருகுங்க, ஆடாம நிக்கும். மொதல் பல்லுல சாக்பீஸ் தடவுங்க, எங்க ஆரம்பிச்சோம்னு தெரிய. பல்லு மேல சாய்வாக் கோடு இருக்கும், 30 டிகிரி, அந்தக் கோட்டுக்கு நேரா அரத்தை வச்சு உள்ள இருந்து வெளிய தள்ளுங்க. தள்ளுறது மட்டும்தான், திரும்ப இழுக்கிறப்ப அரத்தைத் தூக்கிருங்க. ஒரு பல்லுக்கு மூணு தள்ளு. ஒண்ணு விட்டு ஒண்ணு, ஒரு பக்கம் முழுசா முடிச்சிட்டு மறுபக்கம். எண்ணிக்கை மாறக்கூடாது. விரல் நகத்தை முனையில வச்சா வழுக்காமப் பிடிக்கணும், அதுதான் கூரு.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னாடி ஒரு குட்டி மேடு இருக்கும். பல்லு எவ்வளவு ஆழம் கடிக்கணும்னு அதுதான் தீர்மானிக்குது, 0.65 மி.மீ. கீழ இருக்கணும். நாலஞ்சு தடவை அரம் போட்டதும் அதுக்குன்னு இருக்கிற தகடை வச்சுப் பாத்து, தட்டை அரத்தால ரெண்டு தேய். கூடத் தேய்ச்சீங்கன்னா மெஷின் மரத்தைக் கவ்விக்கிட்டுக் குதிக்கும்.

கருவையை அடியோட அறுக்காதீங்க. தூர்ல மண்ணு ஒட்டியிருக்கும், ஒரு தடவை மண்ணுல பட்டா போதும், அரை மணி நேரம் அரம் போடணும். முழங்கால் உயரத்துல அறுத்துட்டு, தூரை ஜேசிபி வச்சுப் பிடுங்குங்க. இல்லைன்னா அடுத்த மழையில மறுபடியும் துளுத்துக்கிட்டு நிக்கும்.

கள்ளிக்குடி முத்து

20 நாள் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும்.

45 சி.சி., 16 இஞ்ச் வாங்கியாச்சு. மதுரையில மூணு கடை ஏறினேன், மூணாவது கடையிலதான் டயாஃப்ரத்தை எடுத்துக் காட்டினாங்க. கூடுதல் செயின் ஒண்ணு, 4.8 அரம் ரெண்டு, தொடைக் கவசம், ஷூ. 35,000 தாண்டிருச்சு, மச்சான் மிச்சத்தைப் போட்டாரு.

கருவை நாலு காலையில ஒன்றரை டன் அறுத்தோம். நான் அறுக்க, சித்தப்பா மகன் கவட்டையில தூக்கி வைக்க, ரெண்டரை அடித் துண்டு. முள்ளுக் கிளையை மட்டும் அரிவாளால கழிச்சோம். தென்னைக்கு இன்னும் போகல.

புளியிலதான் ஒரு பிரச்சனை. கிளையெல்லாம் முடிச்சிட்டு அடிமரத்துக்கு வந்தேன். அவல் மாதிரித்தான் தூள் வருது, ஆனா வெட்டு நேரா இறங்கல. வலது பக்கமா வளைஞ்சு வளைஞ்சு போயி பார் இறுகிக்குது. ரெண்டு தடவை ஆப்பு அடிச்சுத்தான் உருவினேன். மறுபக்கம் இருந்து அறுத்தா ரெண்டு வெட்டும் சேரவே மாட்டேங்குது. மெஷின் கோளாறா அண்ணே?

மெஷின் பாண்டி

மெஷின் இல்ல, அரம். வலது கைக்காரங்களுக்கு ஒரு பக்கப் பல்லுல அழுத்தம் கூடும், மறுபக்கம் குறையும். பல்லு நீளம் மாறிட்டா நீளமான பக்கம் இழுத்துக்கிட்டுப் போகும். ஸ்கேல் வச்சு ரெண்டு பக்கப் பல்லையும் அளந்து பாருங்க. இருக்கிறதுலயே கட்டையான பல்லு எதுவோ, எல்லாத்தையும் அந்த அளவுக்குக் கொண்டுவாங்க. அப்படியே பாரைக் கழட்டி, காடியில அடைஞ்ச தூளை வழிச்சிட்டு, தலைகீழாத் திருப்பி மாட்டுங்க. ஒரே பக்கம் தேயாது. புதுச் செயின் நீளும், குளிர்ந்ததுக்கப்புறம் இறுக்கம் பாருங்க. சூட்டுல இறுக்கினா, வேலை முடிஞ்சதும் தளர்த்தி வைக்கணும்.

கள்ளிக்குடி முத்து

அளந்தேன். இடது பக்கப் பல்லு எல்லாம் அரை நூல் கட்டை. ராத்திரி உக்காந்து வலது பக்கம் பூராம் இறக்கி, பாரைத் திருப்பி மாட்டினேன். இன்னைக்குக் காலைல புளி அடிமரம் ரெண்டு பக்கமும் நேரா இறங்கி நடுவுல சேந்துருச்சு. உள்ள வைரம் நல்லாக் கருப்பா இருக்கு. அந்த ஒரு துண்டை மட்டும் விறகுக்குப் போட மனசு வரல, கறிக்கடைக்காரரு கொத்துற கட்டைக்குக் கேட்டிருக்காரு. மிச்சத்தை ஏத்த மச்சான் வண்டி சாயங்காலம் வருது.